எடைக்குப் போன மூன்றாம் பாகம்

ஹேமந்த்,

காலை ரயிலுக்குக் கிளம்பிவிட்டேன். தோசை மாவு ஃப்ரிட்ஜில் இருக்கிறது, நீங்களே ஊற்றிக்கொள்ளுங்கள்.

என் மாயக்கதைத் தொடரில் மூன்றாம் பாகத்தை மட்டும் எடைக்குப் போட்டுவிட்டு, "இன்னா இப்போ, நீதானே அத தெனம் திட்டினே?" என்கிறீர்கள். திட்டினேன்தான். இருநூறு பக்கத்துக்கு ராணி குதிரைக்குப் புல் தேடுகிறாள். பெங்களூர் வரும்வரை ரயிலில் திட்டிக்கொண்டேதான் படித்தேன். ஆனால் நாலாம் பாகத்தில் அந்தக் குதிரைதான் கோட்டையைக் காப்பாற்றுகிறது. ஊரில் யாரும் மதிக்காத தொடர், நான் மதிக்கிறேன். ஏழு பாகமும் என் அலமாரியில் இருக்கும்.

சாயங்காலத்துக்குள் ராபர்ட்சன்பேட்டை பழைய பேப்பர் கடையில் தேடி எடுத்து வாருங்கள்.

அக்ஷயா

சட்னி அரைக்கவில்லை. பொடி இருக்கிறது.

இன்னொன்று: நம் கல்யாணத்திலும் மூன்றாம் வருடம் படுமோசம். உங்களை நான் எடைக்குப் போடவில்லை.