கிளப்புக் காட்டு இரும்புத் தூரி

கோரைக்காட்டூர்,
13-3-1939

பஞ்சாயத்து போர்டு பிரசிடெண்டு பச்சமுத்து அவர்கள் சமூகத்துக்கு, அதே பச்சமுத்து அவர்களின் மகள் குஞ்சம்மாள், வயது பதினைந்து, எழுதிக்கொண்ட மனு.

நேற்றுச் சாப்பிடும்போது நான் ஒரு கேள்வி கேட்டேன். தாங்கள் ரசத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "எதுன்னாலும் எழுத்துல மனுக் குடு" என்றீர்கள். ஊராரிடம் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிவிட்டது என்று அம்மா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. நான் பெரியவளாகி இந்த இரண்டு வருஷத்தில் தாங்கள் என்னிடம் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். ஆகவே, இதோ தபாலில் மனு. மொட்டை மனு அல்ல. எண்ணெய் வைத்துச் சடை பின்னிய மனு.

நம் வீட்டுக்கும் போர்டு ஆபீசுக்கும் நடுவே பத்து வீடு. இந்தக் கடிதமோ அயோத்தியாப்பட்டணம் வரை போய், முத்திரை குத்து வாங்கிக்கொண்டு திரும்பி வரும். தபால்கார மணியனுக்குக் கால்வலி, எனக்கு மரியாதை.

விஷயம் இதுதான். ரயில் லைன் போட வந்த துரைமார் கட்டிய கிளப்பு, அவர்கள் போன நாளிலிருந்து முள் மண்டிக் கிடக்கிறது. அதைப் போர்டு எடுத்துப் பார்க் ஆக்கப்போகிறதாம். பந்தடிக்கிற களத்தில் பூச்செடியாம், குளிக்கிற தொட்டியில் தாமரையாம். நல்லது. அந்தத் தொட்டியில் குடியிருக்கும் தவளைகளுக்கு நோட்டீசு கொடுத்தாயிற்றா?

ஆனால் அங்கே நிற்கிற பெரிய இரும்புச் சட்டத்தைப் பிடுங்கிப் பழைய இரும்புக்குப் போடப்போகிறதாகவும் கேள்வி. ஊரே அதைத் தூக்குமரம் என்கிறது. எதிர்த்துப் பேசிய கூலிக்காரர்களைத் துரைமார் அதில்தான் தொங்கவிட்டார்களாம். நானும் இசபெல்லாவும் (ரயில்வே கேட் சவரியார் மகள், என்னோடு மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள்) போய்ப் பார்த்தோம். மேலே நாலு கொக்கி. ஒவ்வொரு கொக்கியும் உள்பக்கம் முன்னும் பின்னுமாகத் தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கிறது. தூக்கில் தொங்குகிறவன் ஆடினாலும் அத்தனை நாள் ஆடமாட்டான். தவிர, கீழே தரையில் இரண்டு குழி. கால் தேய்த்துத் தேய்த்து விழுந்த குழி. ஆடி நோம்பிக்கு நாம் புளியமரத்தில் தூரி (பள்ளிக்கூடப் பாஷையில் ஊஞ்சல்) கட்டி ஆடினால் அடியில் விழுமே, அதே குழி!

அது தூரி. மரத்தில் தொங்கினால் தூரி என்று தெரிகிறது, இரும்பில் தொங்கினால் தூக்கு என்று பயப்படுகிறோம். அதை உடைக்காமல், சங்கிலி மாட்டி, சிறுமிகளும் பெண்களும் ஆடும்படி விட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். பெண்கள் எட்டிப் பார்க்கக்கூட முடியாத இடத்துக்குப் பார்க் என்று பேர் வைத்து என்ன பயன்?

இப்படிக்கு,
தங்கள் வீட்டில் மூன்று வேளையும் சாப்பிடும் மனுதாரி,
குஞ்சம்மாள்

*

போர்டு ஆபீசு,
17-3-1939

குஞ்சம்மாளுக்கு,

மனு கிடைத்தது. பதிவில் சேர்த்தேன்.

கிளப்பு இடம் பார்க் ஆவது உண்மை. பங்குனி கடைசியில் ஆள் விட்டு முள் வெட்டுகிறோம். இரும்புச் சட்டம் அங்கே இருக்காது. அதற்குக் காரணம் எழுத வேண்டிய அவசியம் இல்லை.

வேலிக்குள் எப்படி நுழைந்தாய்? அந்தக் கட்டடத்தில் கண்ணாடி விரியன் குடும்பத்தோடு இருக்கிறது. இந்தத் தடவை உன் அம்மாவிடம் சொல்லவில்லை. அடுத்த தடவை சொல்வேன்.

தவளை நோட்டீசு வரியைப் படித்து ஆபீசில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். கிளார்க்கு எழுந்து நின்றுவிட்டார்.

பச்சமுத்து,
பிரசிடெண்டு

*

கோரைக்காட்டூர்,
5-4-1939

சிரிக்கத் தெரிந்த பிரசிடெண்டு அவர்களுக்கு,

மணியனோ வேறு யாராவதோ தங்களிடம் சொல்லுமுன் நானே எழுதிவிடுகிறேன். தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

முள் வெட்ட ஆள் வருகிற அன்றைக்கு, அது தூரிதான் என்று அவர்களுக்கு ஆடிக் காட்டினால் நம்புவார்கள் என்று நானும் இசபெல்லாவும் நினைத்தோம். நான் ஆடினால் வம்பு. அவள் ஆடினால் சவரியார் தோலை உரிப்பார். ஆகவே நம் சோளக்காட்டில் காக்காய் விரட்டிக்கொண்டிருந்த வைக்கோல் பொம்மையைத் தூக்கிக்கொண்டு போய், கொக்கியில் கயிறு கட்டி, பலகை வைத்து உட்கார்த்தினோம். தலைக்குத் தங்கள் பழைய உருமால். முகம் தெளிவாக இருக்கட்டும் என்று கரியால் மீசை.

விடிந்ததும் காற்று அடித்தது. பொம்மைக்குத் தூரி ஆடத் தெரியவில்லை. பலகை சறுக்கி, ஒரு கயிறு கழுத்தில் மாட்டி, ஆள் வந்த நேரத்துக்குக் கால் இரண்டும் காற்றில் உதைத்துக்கொண்டு தொங்கியது.

முன்னால் வந்தவர் காத்தான். "ஐயோ, பிரசிடெண்டைத் தொங்க உட்டுட்டாங்கடா!" என்று கத்திக்கொண்டு ரயில்வே கேட் வரை ஓடினாராம். உருமாலை வைத்து அடையாளம் கண்டிருக்கிறார். கெட்டிக்காரர்தான்.

நாங்கள் வேண்டுமென்று பயம் காட்டவில்லை. இது சத்தியம். இத்தனை நாள் வேண்டுமென்று செய்த குறும்புக்கெல்லாம் தப்பித்துக்கொண்டவள், நல்லது செய்யப் போய் மாட்டிக்கொண்டேன்.

குற்றவாளி,
குஞ்சம்மாள்

*

போர்டு ஆபீசு,
11-4-1939

குஞ்சம்மாளுக்கு,

ஐந்து நாளாக ஒரு ஆள்கூட வேலைக்கு வரவில்லை. சட்டத்தைப் பிடுங்கினால்தான் உள்ளே காலெடுத்து வைப்போம் என்கிறார்கள். உன் சின்னுசாமி மாமா நேற்றுக் கூட்டத்தில் எழுந்து, "தூக்குமரத்தை வெச்சுக்கிட்டுப் பூங்காவாங்க? மொதல்ல அதை அறுத்து எறியுங்க" என்றார். ஒருவரும் மறுக்கவில்லை. மறுக்க வேண்டிய நானும் வாய் திறக்கவில்லை. அதை அறுத்துத்தான் ஆக வேண்டும் என்று முடிவாகும் போலிருக்கிறது. உன் பொம்மை செய்த உபகாரம்.

இன்னொன்று. இதை நேரில் சொல்ல எனக்கு வராது. மோகனூரிலிருந்து உன்னைக் கேட்கிறார்கள். நல்ல குடும்பம், ஆற்றுப் பாசனம். ஆடி பிறந்தால் நல்ல காரியம் பேசமாட்டார்கள், அதனால் ஆனிக்குள் பார்க்க வருவார்கள். பையனின் தாயார் அத்தாயி அம்மாள் கண்டிப்பானவர் என்று கேள்வி. பிரசிடெண்டு மகள் கிளப்புக் காட்டில் பொம்மை தொங்கவிட்டாள், தூரி கேட்டு மனுப் போட்டாள் என்ற பேச்சு அவர் காதுக்குப் போனால் அங்கேயே முடிந்துவிடும்.

மனுவை வாபஸ் வாங்கிக்கொள், சாமி.

பச்சமுத்து

*

கோரைக்காட்டூர்,
19-4-1939

அப்பாவுக்கு,

போன கடிதத்தில் தாங்கள் "பிரசிடெண்டு" போட மறந்துவிட்டீர்கள். அதனால் நானும் "அவர்கள் சமூகம்" எல்லாம் விட்டுவிட்டேன்.

மோகனூர் சங்கதிக்குப் பதில் சொல்ல எனக்கு இப்போது தெரியவில்லை. பையனுக்குச் சிரிப்பு வருமா, வராதா என்று யாராவது விசாரித்தார்களா? ஆற்றுப் பாசனம் பற்றித்தான் எல்லாரும் சொல்கிறார்கள். நான் என்ன வாழைக்கன்றா?

மனுவை வாபஸ் வாங்கவில்லை. அதற்குப் பதில் ஒரு கேள்வி.

காத்தானிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். ஒரு சொம்பு மோர் கொண்டுபோனேன். குடித்துவிட்டுச் சிரித்தார். அப்புறம் சொன்னார்: "உங்கப்பாரு அந்தக் கிளப்புக்கு மண்ணடிச்ச மேஸ்திரி, சாமி. தூக்குமரம்னு எங்களுக்கு மொதமொதல்ல சொன்னதே அவருதான். அவரு பொய் சொல்ற மனுசனா?"

அப்பா, அது தூரி என்று உங்களுக்குத் தெரியும். துரை வீட்டுக் குழந்தைகள் ஆடியதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பிடி வெல்லம் கூடுதலாக எடுத்தால்கூட அம்மாவிடம் சொல்லிவிட்டு எடுக்கிற நீங்கள், ஊருக்கே ஏன் அப்படிச் சொன்னீர்கள்?

கேலி இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

குஞ்சு

*

போர்டு ஆபீசு,
27-6-1939

குஞ்சுக்கு,

உன் கடிதம் இரண்டு மாதமாகச் சட்டைப் பையிலேயே இருந்தது. சட்டை மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்றிவைத்தேன். தினமும் என் முகத்தைப் பார்த்தாய். கேட்கவில்லை. எழுத்தில் கேட்டதற்கு எழுத்தில்தான் பதில் வேண்டும் என்று காத்திருந்தாயாக்கும்.

அப்போது உனக்கு நாலு வயது. எனக்குச் சோறு கொண்டுவந்த உன் அம்மாவோடு நீயும் வந்தாய். மத்தியானம், கிளப்பில் யாரும் இல்லை. நீ தூரியைக் கண்டு, ஆட வேண்டுமென்று அழுதாய். நான் தூக்கி உட்காரவைத்து நாலு தடவை ஆட்டினேன். ஐந்தாவது தடவைக்குள் கிளப்புக் காரியஸ்தத் துரை வந்துவிட்டான். அடிக்கவில்லை, கத்தவில்லை. பட்லரை விட்டு வாளியும் சோப்பும் கொண்டுவரச் சொல்லி, நீ உட்கார்ந்த பலகையைக் கழுவச் சொன்னான். கழுவினேன். மறுபடி என்றான். கழுவினேன். மூன்றாவது தடவையும் கழுவினேன். வேலிக்கு வெளியே உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு உன் அம்மா நின்றிருந்தாள். நீ சோப்பு நுரையைப் பார்த்துக் கைதட்டிச் சிரித்தாய்.

அதைப் பற்றி நானும் உன் அம்மாவும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

துரைமார் சங்கிலியைக் கழற்றிக்கொண்டு போன பிறகு, இது என்னங்க என்று காத்தான் கேட்டான். தூரி என்று சொல்ல வாய் வரவில்லை. "தூக்குமரம்டா" என்றேன். ஒரு வார்த்தைதான் சொன்னேன். ஊர் அதற்கு ஆளும் கதையும் சேர்த்துக்கொண்டது. அந்த இரும்பு இல்லாமல் போனால் அதெல்லாம் என்னை விட்டுப் போய்விடும் என்று நினைத்தேன்.

நேற்றுக் கூட்டத்தில் ஓட்டெடுப்பு. அதற்கு முன் எழுந்து, அது தூரி, தூக்குமரம் என்று நான் சொன்னது பொய் என்று மட்டும் சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை. காத்தான் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். வெட்டச் சொல்லி மூன்று பேர், வைக்கச் சொல்லி மூன்று பேர். சின்னுசாமி மாமா, "ஆடி நோம்பிக்கு வருசத்துல ஒரு நாளு பொம்பளைங்க ஆடறாங்க, சரி. தெனம் ஆடுனா குடும்பம் வெளங்குமாங்க? மோகனூர்க்காரங்க காதுல உழுந்தா என்ன சொல்லுவீங்க?" என்றார். அவர் என் மேல் உள்ள அக்கறையில்தான் கேட்டார். பிரசிடெண்டு ஓட்டு மிச்சம் இருந்தது. வைக்கச் சொன்னவர்கள் பக்கம் கை உயர்ந்துவிட்டது. என் கைதானா என்று ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துக்கொண்டேன்.

தினமும் சாயங்காலம் பெண்களும் குழந்தைகளும் ஆடலாம். வயது வரம்பு எழுதச் சொன்னார்கள். எழுதவில்லை.

மோகனூர்க்காரர்கள் வருகிறபோது என்ன ஆகுமோ, தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. உனக்குச் சொன்னால் என்ன.

உன் அப்பா

*

கோரைக்காட்டூர்,
12-7-1939

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் தங்கியிருக்கும் என் அப்பாவுக்கு,

ஜில்லா போர்டு கூட்டம் முடிந்து வெள்ளிக்கிழமைதான் வருவேன் என்றீர்கள். அதுவரை விஷயம் என் வயிற்றில் தங்காது. அதனால் எழுதுகிறேன்.

இன்று சங்கிலி மாட்டினார்கள். மாட்டியவர் காத்தான். கொக்கியைத் தட்டிப் பார்த்து, "உங்கப்பாரும் பொய் சொல்லுவாருன்னு இந்த வயசுல தெரிஞ்சுக்கிட்டேன் சாமி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சாயங்காலம் பெண்களெல்லாம் வந்துவிட்டார்கள். வந்தார்களே தவிர ஒருத்தியும் பக்கத்தில் போகவில்லை. எட்டு வருஷத்துத் தூக்குமரம் ஒரு சங்கிலியில் தூரி ஆகிவிடுமா? குழந்தைகளைக்கூட இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள். இசபெல்லா என்னைப் பார்த்தாள். நான் போகலாம் என்று பாவாடையைச் செருகினேன்.

அதற்குள் அம்மா நடந்தாள். "ஏன் தள்ளி நிக்கறீங்க? கடிக்குமா?" என்றாள். பலகையில் மண்ணாக இருந்தது. சின்னுசாமி மாமா வீட்டுக் குப்பாயி அத்தை முந்தானையை நனைத்துக்கொண்டு ஓடிவந்து, "இருங்க அண்ணி, தொடச்சு உடறேன்" என்றாள்.

"ஒருத்தரும் தொடைக்க வேண்டாம்" என்றாள் அம்மா. மண்ணோடு உட்கார்ந்தாள். "தள்ளு குஞ்சு."

குப்பாயி அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. தள்ளினேன். அம்மா கனம்தான், அப்பா. ஐந்தாவது தள்ளலில் கொண்டை அவிழ்ந்தது. "இன்னும், இன்னும்" என்றாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அப்புறம் எங்கே ஒழுங்கு? இரண்டு தூரிக்கு நாற்பது பேர் வரிசை.

இனிதான் விஷயம். வெள்ளிக்கிழமை வருவதாக இருந்த மோகனூர்க்காரர்கள் இன்றே வந்துவிட்டார்கள். வீடு பூட்டியிருக்கவே மணியன் நேராகக் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டார். அத்தாயி அம்மாளும், அவர் மகள், பத்து வயது இருக்கும், அதுவும். அவர்கள் கண்டது இதுதான்: சம்பந்தியாகப்போகிறவள் தலைவிரிகோலமாய் அந்தரத்தில், பெண் வியர்த்து, பாவாடையைச் செருகிக்கொண்டு தள்ளிக்கொண்டு.

"பொண்ணு எதுங்க?" என்றார் அத்தாயி அம்மாள்.

"தள்றாளே, இவதானுங்க!" என்றாள் அம்மா, தூரி முன்னால் வருகிற வழியில். "வாங்க, உக்காருங்க" என்றாள், போகிற வழியில்.

நானும் ஓடிப்போய் வணங்கி, வீட்டுக்குக் கூப்பிட்டேன். வரவில்லை. காப்பித்தண்ணிகூட வேண்டாம் என்றார். "எழுதறோமுங்க" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அந்தச் சின்னப் பெண் மட்டும் வண்டிக்குப் பின்பக்கமாகத் தலையை நீட்டி, வளைவு திரும்பும்வரை தூரியையே பார்த்துக்கொண்டு போனது.

அம்மா அப்புறம்தான் இறங்கினாள். "உங்கப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றாள். அவள் சொல்லுமுன் நான் எழுதிவிட்டேன்.

அவர்கள் கடிதம் வந்தால் நான் பிரிக்கமாட்டேன், நீங்களே பிரியுங்கள். வேண்டாம் என்று எழுதியிருந்தால் நான் அழமாட்டேன். நீங்களும் ரசத்துக்குள் முகத்தை வைத்துக்கொள்ளக் கூடாது. வேண்டும் என்று எழுதியிருந்தால், சரி சொல்லுமுன் எனக்காக ஒன்றே ஒன்று விசாரியுங்கள். அங்கே அந்தச் சின்னப் பெண் ஆட எங்காவது இடம் இருக்கிறதா? இல்லையென்றால், மோகனூரில் மனு யார் பேருக்கு எழுத வேண்டும்?

உங்கள்
குஞ்சு