பின் கண்ணாடிக்குப் போட்ட நாடா

தம்பி,

கையிலிருந்து ரப்பர் நாற்றம் போகமாட்டேன் என்கிறது. சோப்புப் போட்டுத் தேய்த்தாயிற்று, எலுமிச்சை மூடியால் தேய்த்தாயிற்று, சோற்றைப் பிசைந்தால் சோற்றிலும் அதே வாடை. இந்த வயதில் நான் போன வாரம் காருக்குப் பின் கண்ணாடி மாட்டியிருக்கிறேன். காரணம் நீ சொன்ன பொய். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது, போனவர்களைக் குறை சொல்லக்கூடாது என்கிறாள் எதிர்வீட்டுக்காரி. நான் யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடமேதான் சொல்கிறேன்.

போன வாரம் நஞ்சுண்டப்பா வீட்டுக்கு வந்தார். சந்தாபுராவில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறாரே, அவர்தான் இப்போது உங்கள் பழைய கார்க்காரர்கள் சங்கத்துக்குச் செயலாளர். ஒரு பித்தளைத் தகட்டைப் பட்டுத்துணியில் சுற்றி, சாமி படத்தை எடுத்துவருவதுபோல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை கார் ஊர்வலத்தில் உன் மோரிஸ்தான் முதலில் போகுமாம். தகட்டை அதன் பின் கண்ணாடிக்குக் கீழே பொருத்துவார்களாம். கன்னடத்தில் அழகாகத்தான் வெட்டியிருந்தார்கள். மேலே உன் பெயர். கீழே, இந்த வண்டியை 'ஒப்பரே' புதுப்பித்தவர் என்று ஒரு வரி. ஒப்பரே என்றால் தன்னந்தனியாக.

படித்ததும் எனக்குக் காது சூடாகிவிட்டது.

"எப்படிக்கா இருக்கு?" என்றார்.

"தகடு நல்லாயிருக்கு. அதுல ஒரு வார்த்தை பொய்."

"பொய்யா? அண்ணனே சங்க விழாவுல மைக்ல சொன்னதுக்கா. பின் கண்ணாடியக்கூட ஒரு ஆள் ஒத்தாசை இல்லாம நானே மாட்டினேன்னு சொன்னாரே."

சொன்னாய். எனக்குத் தெரியாதா? கடைசி வரிசை நாற்காலியில் உன் தயிர்சாதத்தை மடியில் வைத்துக்கொண்டு நானும்தானே கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே ஆள் எப்படி நிற்பான் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எல்லோரும் கார் வைத்திருப்பவர்கள். கை தட்டினார்கள்.

அந்த வண்டி வந்த நாளை நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். பொம்மசந்திராவில் உனக்கு ஷிப்ட் வேலை. எனக்கு ஈஜிபுரா வீட்டில் தையல் மிஷின். உனக்குக் கல்யாணம் அமையவில்லை, எனக்கு அமைந்தும் நிலைக்கவில்லை, இரண்டு பேரும் ஒரே அடுப்பில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஒரு பங்களாவின் பின்புறத்தில் கோழி அடைந்துகிடந்த மோரிஸைக் கயிறு கட்டி இழுத்துவந்து நம் தெருமுனையில் நிறுத்தினாய். உள்ளே எட்டிப் பார்த்தேன். பின் சீட்டில் காளான் முளைத்திருந்தது. பின் கண்ணாடியைச் சுற்றியிருந்த ரப்பர் பீடிங் காய்ந்த வடகம் மாதிரி கையோடு வந்தது. பெய்த மழையெல்லாம் அந்த வழியாகத்தான் உள்ளே இறங்கியிருந்தது.

என்ஜினை ஓடவைத்தாய், பிரேக் போட்டாய், அதெல்லாம் உன் வேலை. அதில் நான் பங்கு கேட்கவில்லை. பின் கண்ணாடியிடம் மட்டும்தான் நீ தோற்றாய். தெரு மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பப் பார்த்துவிட்டு, "இந்தக் கண்ணாடி ஒடஞ்சா வேற கிடைக்காது சாமி, என்னை விட்ருங்க" என்று ஓடிப்போனார். பிறகு யாரோ உனக்கு வழி சொன்னார்கள். ரப்பரை முதலில் கண்ணாடியைச் சுற்றி மாட்ட வேண்டும். ரப்பரின் வெளிப்பள்ளத்தில் ஒரு கயிற்றை ஓட்டி, இரண்டு முனையையும் வண்டிக்குள் விட வேண்டும். வெளியிலிருந்து ஒருவர் கண்ணாடியை அழுத்த, உள்ளிருந்து ஒருவர் கயிற்றை இழுக்க, ரப்பரின் உதடு தகர விளிம்பைத் தாண்டி உள்ளே மடிந்து உட்காரும். நீ துணி காயப்போடுகிற நைலான் கயிற்றைப் போட்டாய். அது கத்தி மாதிரி ரப்பரைக் கிழித்துக்கொண்டு வந்தது. ஜே.சி. ரோட்டில் தேடி வாங்கிய ரப்பர். அந்தக் கடையில் இன்னும் ஒன்றுதான் இருந்தது, அதையும் வாங்கிவந்து மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாய். சாப்பிடக்கூட வரவில்லை.

நான் அப்போது ஒரு பாவாடைக்கு நாடா கோத்துக்கொண்டிருந்தேன்.

"டேய், இதுவும் பள்ளத்துக்குள்ள ஓட்டி இழுக்கிற வேலைதானே? பருத்தி நாடா. பட்டையா இருக்கு, மெத்துனு இருக்கு. அறுக்காது" என்றேன்.

"சும்மா இருக்கா. இது கார்."

"கார்னா என்ன, இடுப்பு இல்லையா அதுக்கு?"

சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் எழுந்து வந்தாய். ஞாபகம் இருக்கிறதா? ஊக்கில் நாடாவைக் கோத்து, சோப்புத் தண்ணீரில் நனைத்து, அந்தப் பள்ளம் முழுக்க ஓட்டியது யார்? பின் சீட்டில் முழங்காலை மடக்கி ஏறி உட்கார்ந்தது யார்? நீ வெளியே நின்று கத்தினாய், உள்ளே ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் நாமாக ஒரு கணக்கு வைத்துக்கொண்டோம். கண்ணாடியில் ஒரு தட்டு தட்டினால் இழு, இரண்டு தட்டினால் நிறுத்து. நீ தட்டினாய், நான் இழுத்தேன். கீழே நடுவில் தொடங்கி, மூலை திரும்பி, பக்கவாட்டில் ஏறி, ரப்பர் ஒவ்வோர் அங்குலமாக மடிந்து உட்கார்ந்தது. மேல் மூலையில் அடம்பிடித்தபோது என் ஆள்காட்டி விரல் நகம் பாதி பெயர்ந்தது. நாடா முழுசாக என் கைக்கு வந்ததும் நீ வெளியிலிருந்து கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு சிரித்தாய். பன்றிக்குட்டி மாதிரி இருந்தாய்.

என்னை இறங்கவிடாமல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாய். "ஏம்ப்பா, அக்காவ உள்ள உட்கார வச்சுக் குளிப்பாட்டுறியா?" என்று எதிர்வீட்டுக்காரி கேட்டாள். ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு உன் ஃபேக்டரி ஆட்கள் வந்தார்கள். வண்டியைச் சுற்றிச்சுற்றிப் பார்த்தார்கள். "பின் கண்ணாடி யாருடா போட்டது? சூப்பரா இருக்கு" என்றான் ஒருத்தன். டீ தட்டோடு நான் வாசலில் நிற்கிறேன். நீ என்னைப் பார்த்தாய். பார்த்துவிட்டு, "நான்தான்டா. வேற யாரு?" என்றாய்.

அவர்கள் போனதும் கேட்டேன். "அக்கா, பாவாடை நாடா போட்டு எங்கக்கா இழுத்துச்சுன்னு சொன்னா அவனுங்க என்னை உயிரோட விடுவானுங்களா? ரிட்டயர் ஆகிற வரைக்கும் எனக்கு நாடான்னே பேர் வச்சிருவானுங்க. அப்புறமா ஒருநாள் நானே சொல்றேன், விடு" என்றாய்.

விட்டேன். நீ விடவில்லை. 'நான்தான்' என்பது 'நான் மட்டும்தான்' ஆயிற்று. பிறகு அந்த நாடா, வெளிநாட்டிலிருந்து வரவழைத்த ஸ்பெஷல் கயிறு ஆயிற்று. எட்டணாவுக்கு மீட்டர் கணக்கில் சிவாஜிநகரில் வாங்கிய நாடாவுக்கு நீ பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்தாய்! 'அப்புறமா ஒருநாள்' வரவே இல்லை.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லவேண்டும். மழை பெய்கிற நாளெல்லாம் வண்டி ஓட்டிக்கொண்டே, திரும்பாமல் கேட்பாய்: "அக்கா, பின்னாடி ஈரமா?" பின் சீட்டிலிருக்கும் நான் கையைப் பின்னால் விட்டுக் கண்ணாடிக்குக் கீழே தடவிப் பார்த்து, "காய்ஞ்சு கிடக்கு" என்பேன். பக்கத்தில் எத்தனை பேர் இருந்தாலும் இதை என்னிடம்தான் கேட்டாய். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பேசியதும் அதுதான். வெளியே மழை. கண்ணைத் திறந்தாய். இப்போதாவது சொல்லப்போகிறான் என்று நான் கட்டிலைப் பிடித்துக்கொண்டு குனிகிறேன். "பின்னாடி ஈரமா?" என்கிறாய். காய்ந்து கிடக்கிறது என்றேன். வேறென்ன சொல்ல? ஆனால் அது போதும் என்று நீ நினைத்திருந்தால், போதாது. அன்றும் போதவில்லை, இன்றும் போதவில்லை.

நஞ்சுண்டப்பா விஷயத்துக்கு வருகிறேன். தகட்டை அளவு பார்க்க வண்டியைத் திறந்தோம். பின் சீட்டு சொதசொதவென்று நனைந்திருந்தது. நாம் மாட்டிய ரப்பர் இத்தனை வருஷம் தாங்கிவிட்டு இந்த மழையில் வெடித்திருந்தது. "கடைப்பையன வரச்சொல்லி பசை வச்சு ஒட்டிடலாம்க்கா" என்றார் அவர். பசை வைத்து ஒட்டினால் அடுத்தமுறை உடைக்காமல் கழற்ற முடியாது, அந்தக் கண்ணாடியும் வேறு கிடைக்காது. முடியாது என்றேன்.

"அந்தத் தகட்டு வார்த்தையும் முடியாது."

"ஹோகலி பிடிக்கா" என்றார். விட்டுத்தள்ளுங்கள் என்கிறார் கன்னடத்தில். "ஒரு வார்த்தைதானே?"

"சரி, நஞ்சுண்டப்பா. புது ரப்பர் வாங்கிட்டு வாங்க. எங்க தம்பி தனியா மாட்டினான்ல? நீங்களும் தனியா மாட்டுங்க. மாட்டிட்டா அந்தத் தகட்ட என் கையால நானே வச்சுத் தரேன்."

மனுஷன் ரோஷக்காரர். மறுநாளே ஓசூர் ரோட்டில் மேம்பாலத்துக்குத் தோண்டிப்போட்ட பள்ளத்தையெல்லாம் தாண்டி ரப்பரோடு வந்துவிட்டார்.

"அந்த ஃபாரின் கயிறு எங்கக்கா?"

தையல்பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "இது..." என்று இழுத்தார்.

"சொல்லுங்க."

"இது வந்து... லேடீஸ்..."

"பாவாடை நாடா. வாயத் தொறந்து சொல்லுங்க, பரவாயில்ல."

வெடித்த ரப்பரை அறுத்துக் கண்ணாடியைக் கழற்றி, அதில் புது ரப்பரையும் நாடாவையும் பொருத்தினோம். பிறகு நான் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றேன். அவர் வெளியே நின்று கண்ணாடியை அழுத்தினார். ஓடிப்போய் உள்ளே ஏறி நாடாவை இழுத்தார். இழுத்ததும் கண்ணாடி மேல்பக்கம் வெளியே சாய்ந்தது. இறங்கி ஓடிவந்து அழுத்தினார். மறுபடி உள்ளே ஓடினார். தெருவே வேடிக்கை பார்த்தது. மூன்றாவது தடவை கண்ணாடி முழுசாக வெளியே கவிழ வந்தது. நான் இரண்டு கையையும் விரித்துத் தாங்கிக்கொண்டேன்.

"அக்கா, பிடிச்சிட்டீங்களா?" என்று உள்ளேயிருந்து கத்துகிறார்.

"நான் எதுக்குப் பிடிக்கணும்? நீங்கதான் தனியாச்சே!"

வேர்த்து விறுவிறுத்து இறங்கிவந்து, வண்டிமேல் சாய்ந்து அந்த ஆள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. "அண்ணன் எல்லாருக்கும் டோப்பி போட்டுட்டாருக்கா" என்றார். எல்லாரையும் ஏமாற்றிவிட்டாயாம்.

முழங்கால் வலியோடு நான்தான் உள்ளே ஏறினேன். அது என் இடம். அவருக்குத் தட்டத் தெரியவில்லை. சொல்லிக்கொடுத்தும், இழுக்கச் சொல்வதற்கும் நிறுத்தச் சொல்வதற்கும் ஒரே மாதிரி படபடவென்று தட்டினார். சோப்பு நுரைக்கு அந்தப் பக்கம் ஒரு கை தெரிந்தது. தடித்த கை, மோதிரம் போட்ட கை. உன் கை இல்லை. நாடாவை நான் கொஞ்சம் பலமாகவே இழுத்துவிட்டேன் போலிருக்கிறது, விரலில் பட்டையாகச் சிவந்துவிட்டது.

வேலை முடிந்ததும் அவர், "தகட்ட மாத்திடுறேன்க்கா. உங்க பேரையும் சேர்த்து வெட்டிடலாம்" என்றார். நல்ல மனுஷன். வேண்டாம் என்றேன். என் பெயர் உன் வாயிலிருந்து வரவேண்டியது. நஞ்சுண்டப்பாவின் தகட்டில் வந்து எனக்கென்ன? அந்த ஒரு வார்த்தையை மட்டும் அராவி எடுக்கச் சொன்னேன். எடுத்தார். அந்த இடம் மட்டும் வெறுமையாகப் பளபளக்கிறது.

நேற்று ஊர்வலம். நஞ்சுண்டப்பா ஓட்டினார், நான் பின் சீட்டில். நின்ற இடத்திலெல்லாம் தகட்டைப் படித்தவர்கள், "இங்க என்னம்மா எழுதியிருந்தது?" என்று கேட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். உன் ஃபேக்டரி ஆட்கள் இரண்டு பேர் தலை நரைத்துப்போய் வந்திருந்தார்கள், அவர்களுக்கு இன்னும் கொஞ்சம் விளக்கமாகவே சொன்னேன்.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. என் கை தானாகப் பின்னால் போயிற்று. காய்ந்துதான் கிடந்தது. யாரும் கேட்கவில்லை.

வீட்டு வாசலில் இறங்கும் முன்னால் ஒன்று செய்தேன். அந்த நாடாவைச் சோப்புப்போக அலசிக் காயவைத்துப் பையில் வைத்திருந்தேன். அதை எடுத்து, நீ தினமும் துடைத்துத் துடைத்துப் பார்ப்பாயே, டிரைவர் சீட்டுக்கு முன்னாலிருக்கும் அந்தச் சின்னக் கண்ணாடி, அதன் காம்பில் பாவாடைக்குக் கட்டுவதுபோலவே இறுக்கி முடிச்சுப் போட்டுக் கட்டினேன். ரோட்டில் போகிறவர்களுக்கெல்லாம் தெரிகிறமாதிரி தொங்குகிறது. யார் சொன்னாலும் கழற்றமாட்டேன்.

உனக்கு வெட்கமாயிருந்தால், நீயே வந்து அவிழ்த்துக்கொள்.

அக்கா