மல்லிகை அத்தர், பதினைந்து சொட்டு

மே 3, திங்கள்

காலை எட்டு மணிக்கே வெயில் சுடுகிறது. நேற்று அச்சிலிருந்து எடுத்த மெழுகுவத்தி இரண்டும் வெண்டைக்காய் போல வளைந்து கிடக்கின்றன. மறுபடி உருக்க வேண்டும்.

இன்று செய்ய வேண்டியது: சாந்தோம் மாதா கோயிலிலிருந்து வந்த துண்டு மெழுகை உருக்கி வடிகட்ட. திரி முறுக்க. அண்ணனிடம் பேசாமலிருக்க.

கடைசியது பத்து மணிக்குள் கெட்டது. "இன்னா மூக்குராணி, சத்தமே காணோம்?" என்று காதர் அண்ணன் ஜடையை இழுத்தான். "போ அண்ணே" என்றேன். அவ்வளவுதான், பேசியாயிற்று.

கச்சேரி ரோட்டில் முன்னால் அத்தாவின் அத்தர் கடை, பின்னால் வீடு, நடுவே ஒரு திரை. மத்தியானம் திரைக்கு அந்தப் பக்கம் அபிராமபுரத்து வக்கீல் வீட்டு மாமியின் குரல்.

"பாய், வியாழக்கிழமை சாயங்காலம் நம்ம சாரதாவைப் பொண்ணு பாக்க வரா. கரண்டை நம்ப முடியலை. கூடத்துல ஏத்தி வைக்க மல்லி வாசனையா ஆறு மெழுகுவத்தி வேணும். நன்னா இருந்தா கல்யாணத்துக்கும் உங்ககிட்டயே வாங்கிக்கறேன்."

சாரதா! ஏழாவது வரை என் பக்கத்தில் உட்கார்ந்தவள். அவள் இன்னும் பள்ளிக்கூடம் போகிறாள். நான் பெரியவளானதும் என்னை நிறுத்திவிட்டார்கள். யாரும் என்னைக் கேட்கவில்லை. எனக்கென்று இருப்பது இந்த மெழுகு வேலை ஒன்றுதான். அதற்கும் இன்று அத்தா கெடு வைத்துவிட்டார். "இந்த ஆறும் சரியா வரலைன்னா மெழுகை மூட்டை கட்டு. அடுப்பங்கரையோட இரு."

மே 4, செவ்வாய்

அளவு பார்த்தேன். ஒரு அச்சுக்கு ஒரு பலம் மெழுகு. யுத்தத்துக்காக, வெளிச்சம் வெளியே தெரியாதபடி, சரக்கறை ஜன்னலில் கருப்புக் காகிதம் ஒட்டியிருக்கிறது. சாரதா வீட்டுக் கூடமும் அப்படித்தான் இருக்கும், காற்றே போகாமல். அதனால் சரக்கறைக் கதவைச் சாத்தி, அங்கேயே ஏற்றிப் பார்த்தேன்.

அத்தர் 30 சொட்டு: தலைவலி. கண் எரிச்சல்.
10 சொ.: வெறும் மெழுகு நாற்றம்.
15 சொ.: ஏற்றிவிட்டுக் கொல்லைக்குப் போய்ப் பாத்திரம் எல்லாம் கழுவிவிட்டு வந்து கதவைத் திறந்தேன். பூ வைத்துக்கொண்ட ஒருத்தி இப்போதுதான் எழுந்து போன மாதிரி. இதுதான்.

உள்ளேயே உட்கார்ந்திருந்தால் மூக்கு பழகிவிடும், ஒன்றும் தெரியாது. வெளியே போய்விட்டு வர வேண்டும். இன்னொன்று, அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டில் அத்தரை விட்டால் வாசனை ஆவியோடு போய்விடும். ஓரத்தில் ஆடை கட்டும்போது விட வேண்டும். இதெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. கெடுத்துக் கெடுத்துக் கற்றது.

மே 5, புதன்

கோபத்தில் எழுத்துக் கோணுகிறது.

ஆறும் வளையாமல், வெடிக்காமல் வந்தன. அத்தா ஒன்றை எடுத்து மூக்கில் வைத்தார். "இன்னாம்மா இது, வாசனையே இல்லியே!"

ஏற்றாத மெழுகுவத்தியில் முழு வாசனை எப்படி வரும்? ஏற்றிப் பாருங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள், "உருக்கு திரும்ப. தாராளமா வுட்டாத்தான் கடைப் பேரு நிக்கும்."

உருக்கினேன். அத்தா சீசாவையே கவிழ்த்தார். சொட்டா, கணக்கா, ஒன்றுமில்லை. "போதும், போதும்" என்றேன், தொண்டைக்குள்ளேயே. அம்மா என்னைப் பார்த்து, "அத்தாகிட்ட எதிர்த்துப் பேசாதே" என்கிறாள். நான் எங்கே பேசினேன்? பேசியிருந்தால்தானே!

அவ்வளவு அத்தரை மெழுகு குடிக்காது. சாயங்காலம் ஆறும் வியர்த்துவிட்டன, மேலெல்லாம் எண்ணெய் முத்து. அண்ணன் துடைத்துக் காகிதத்தில் சுற்றி மாமி வீட்டுக்குக் கொண்டுபோனான்.

இன்று பாலும் தீய்ந்தது. வீடெல்லாம் நாற்றம். அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கணக்குப் பார்த்த அத்தா தலையைக்கூடத் தூக்கவில்லை. கொல்லையில் இருந்த எனக்குத்தான் திட்டு.

மே 7, வெள்ளி

மாமி வந்துவிட்டுப் போனாள்.

"என்ன பாய், இப்படிப் பண்ணிட்டேளே! கூடமெல்லாம் ஒரே புகை. மெழுகுவத்தி பட்டாசு மாதிரி பொரியறது. பாதிப் பாட்டுல சாரதாவுக்கு இருமல் வந்து நிக்கவே இல்லை. பிள்ளையோட அம்மா தலைப்பால மூக்கைப் பொத்திண்டு, பொண்ணுக்கு இழுப்பு உண்டோன்னு கேக்கறா!"

அதற்கு அத்தா சொன்ன பதில்: "திரி மட்டம்மா. வீட்ல பொண்ணு முறுக்கினது."

என் திரி! எட்டு இழை. ஒரே சீரான முறுக்கு. உப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்தது. அந்தத் திரி மட்டமாம்! சாரதா என்ன நினைப்பாள்? கூடப் படித்தவள் நம் பாட்டைக் கெடுத்தாள் என்றுதானே?

பிள்ளை வீட்டார் செவ்வாய்க்கிழமை மறுபடி வருகிறார்களாம், பாட்டை முழுசாகக் கேட்க. "வேற செஞ்சு தரேம்மா. கடையிலயே ஏத்திப் பாத்து எடுத்துக்கினு போங்க" என்றார் அத்தா. "பாக்காம வாங்குவேனா?" என்றாள் மாமி.

அண்ணன் உள்ளே வந்து, "இன்னா மூக்குராணி, திரி கவுத்துடுச்சாமே" என்று சிரித்தான். சாப்பிடவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

மே 8, சனி

அண்ணன் கடையைக் கழுவியதில் தண்ணீர் பட்டுச் சீசாக்களின் பெயர்ச் சீட்டெல்லாம் உரிந்துவிட்டன. கழுவிவிட்டு அவன் பாட்டுக்கு வடபழனி போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் அத்தா இரண்டு கையிலும் இரண்டு சீசாவோடு உள்ளே வந்தார்.

"ஜமீ, இதுல மல்லி எது, தாழம்பூ எது?"

என்னைச் சோதிக்கிறார் என்று நினைத்தேன். குழந்தைகூடச் சொல்லும். வீம்புக்கு வாயை மூடிக்கொண்டேன். அத்தா ஒன்றை முகர்ந்தார். மற்றதை முகர்ந்தார். மறுபடி முதல் சீசா. நெற்றியெல்லாம் வியர்வை. விளையாட்டு இல்லை.

"சொல்லும்மா. ஆளு நின்னுகினு கீறாரு."

"இடது கையில மல்லி."

போய்விட்டு உடனே திரும்பி வந்தார். என்னைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்துச் சொன்னார். "தை மாசம் ஜுரம் வந்துச்சே, அதுலேர்ந்து வாசனை ஒண்ணும் தெரியல. நெறைய ஊத்துனா கொஞ்சமாச்சும் தெரியுமான்னு பாத்தேன். அண்ணன்கிட்ட சொல்லாதே. கடைக்கு ஒருத்தன் வரமாட்டான்."

ஐயோ என்று இருந்தது. கோபமும் போகவில்லை. தெரியாதது அவர் மூக்குக்கு. பழி என் திரிக்கா?

"திரி நல்லாத்தான் இருந்துச்சுன்னு மாமிகிட்ட சொல்லுங்க அத்தா" என்றேன். என் வாயா என்று எனக்கே ஆச்சரியம். அத்தா திரையை விலக்கிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

மே 10, திங்கள்

புழுக்கம். ஆறு அச்சு, புதுத் திரி.

அண்ணன் பார்த்துக்கொண்டிருந்ததால் அத்தரை அத்தாவே விட்டார், கண் மருந்துக் குழாயில். ஓரத்தில் ஆடை கட்டியதும் தலையசைத்தேன். ஒவ்வொரு சொட்டாக விழுந்தது. என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே விட்டார்.

"போதும்" என்றேன். சத்தமாக வந்துவிட்டது. அத்தாவின் கை நின்றது.

"பார்றா, உத்தரவு போடுது!" என்றான் அண்ணன். அத்தா அவனைத்தான் திட்டினார்.

மே 11, செவ்வாய்

மாமி வந்தாள். கடைக் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு ஒன்றை ஏற்றினார்கள். "தெருவுல ஒரு நடை போய்ட்டு வாங்கம்மா. அப்பத்தான் சரியாத் தெரியும்" என்கிறார் அத்தா. என்னிடம் காலையில் கேட்டுக்கொண்டது! என்னமோ தாமே கண்டுபிடித்த மாதிரி.

மாமி போனாள், வந்தாள். திரையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"இது நன்னாருக்கு பாய். அன்னிக்கே இப்படிக் குடுத்திருக்கப்படாதோ? திரி வேற யாராவது முறுக்கினாளா?"

"அதே பொண்ணுதாம்மா. அன்னிக்கும் நல்ல திரிதான். அத்தர் வுட்டது நானு. கை தவறிடுச்சு."

கையாம்!

சரி, கையாகவே இருக்கட்டும். திரி முறுக்க நூல் தீர்ந்துவிட்டது. இரண்டு கட்டு வாங்கச் சொல்ல வேண்டும்.