லைல் வண்டியின் தொண்ணூற்றேழு குதிரைகள்

அன்புள்ள ரெய்னோ அண்ணனுக்கு,

மார்லிஸ் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். சுரங்கத்தில் குளிர் எப்படி? இங்கே இந்த வருடம் போதவில்லை. அதுதான் என் கவலையில் பாதி.

மீதிப் பாதி உங்கள் தம்பி. நூற்றைம்பது குதிரைத்திறன் என்று சொல்லி விற்ற பனிவண்டியை லைல் வாங்கியது உங்களுக்குத் தெரியும். போன மாதம் எங்கள் பனிவண்டிச் சங்கத்துக்கு ஓர் இயந்திரம் வந்தது. எஞ்சினில் பிறக்கும் சக்தியில், வண்டிக்கு அடியில் சுழன்று பனியைத் தள்ளும் பட்டைவரை எவ்வளவு வந்து சேருகிறது என்று அது அளந்து சொல்லும். லைலின் வண்டிக்கு எண்பத்துநான்கு குதிரை என்றது. அதே சங்கத்து ஹார்லன் வண்டிக்குத் தொண்ணூற்றொன்று.

உள்ளே பெல்ட் கொஞ்சம் தின்னும், சங்கிலி கொஞ்சம் தின்னும், பட்டை சுற்றுவதற்கே கொஞ்சம் போகும், எல்லா வண்டியும் இப்படித்தான் என்று ஹார்லன் பொறுமையாக விளக்கினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "மிச்சக் குதிரையெல்லாம் வழியில புல்லு மேயப் போயிருக்கும்டா லைல்" என்றும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இவர் வீட்டில் சரியாகச் சாப்பிடுவதில்லை.

பட்டையைத் தளர்த்தினார். பனிக்கட்டியைக் கவ்வும் இரும்பு முட்களைக் கனம் என்று ஒன்றுவிடாமல் கழற்றினார். மறுபடி அளந்ததில் தொண்ணூற்றேழு. அந்த எண்ணை வண்டியின் மூக்கில் சிவப்பில் எழுதியாயிற்று.

ஞாயிறு மதியம் ஏரியில் வேகப் போட்டி. ஓட்டம் முடியும் இடத்துக்கு அப்பால்தான் ஆறு ஏரியில் கலக்கிறது. அங்கே பனிக்கட்டி மெலிந்து கறுத்துக் கிடக்கிறது. எல்லைக்காக நட்டிருந்த பீப்பாய்களில் இரண்டை நேற்றிலிருந்து காணவில்லை. முள் இருக்கும் வண்டிகள் அதற்கு முன்பே நின்றுவிடும் என்கிறது சங்கம்.

ஞாயிறு ஒரு நாளைக்காவது முட்களை மாட்டச் சொன்னேன். "மாட்டினா எண்ணிக்கை குறைஞ்சிடும்டி. அப்ப வண்டியில எழுதினது பொய்யாயிடாதா?" என்றார். நிற்கும் சக்தியை அந்த இயந்திரம் அளக்குமா என்று கேட்டேன். "நிக்கிறதுக்கு எவன் கோப்பை குடுக்கறான்?" என்று சிரித்தார். ஹார்லனிடம் போய்ச் சொன்னேன். அவரும் இப்போது தன் வண்டி முட்களைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்.

உங்கள் முகாமில் ஞாயிறு மட்டும்தான் தொலைபேசி என்பதால் இதை வியாழக்கிழமை விமானத்தில் அனுப்புகிறேன். ஞாயிறு காலை லைலைக் கூப்பிடுங்கள். போட்டியைப் பற்றிப் பேச வேண்டாம், பேசினால் இன்னும் வேகமாக ஓட்டுவார். எனக்கு உடம்பு மோசம், விமானத்தில் கொண்டுவருகிறார்கள், உடனே புறப்பட்டு விமான நிலையத்துக்கு வா என்று மட்டும் சொல்லுங்கள். நீங்கள் பொய் சொல்லாதவர் என்று தெரிந்தேதான் கேட்கிறேன்.

நீங்கள் நூறு வயது நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டும் அண்ணா. இந்த ஞாயிறு காலை மட்டும் படுத்த படுக்கையாக இருங்கள்.

உங்கள் அன்புள்ள,
மார்லிஸ்