துணியறைக் கதவு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பா, நான், உன் மாமா மூவரும் சுகம், என் கோபத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால். அங்கே நீயும் உன் இருமலும் எப்படி? இருமல் போய்விட்டது என்று போனில் சொன்னாய், சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை இருமினாய். வெந்நீர் குடி. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும்போது தூசு பறக்கும், மூக்கில் துணி கட்டிக்கொள் என்றேன், கட்டுகிறாயா? இதையெல்லாம் போனிலேயே கேட்கலாமே, எதற்குக் காகிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் அப்பா காதில் விழும். இஸ்திரி அறையில் அவர் கட்டில், நாலடி தள்ளி என் பாய். அவருக்கு வாய்தான் குழறுகிறது, காது முன்னைவிடக் கூர்மை. அதனால் பொறுமையாக முழுதும் படி. பாதியில் போனை எடுத்து, அம்மா என்ன இதெல்லாம் என்று ஆரம்பித்துவிடாதே.

அப்பாவுக்குக் கீழேயே ஒரு குளியலறை கட்டப்போகிறோம் என்று சொல்லியிருந்தேன் இல்லையா, அது நடக்கவில்லை. நம் வீடு உனக்குத் தெரியாததா, கீழே சலவைக்கடை, மேலே குடித்தனம், குளியலறையும் மேலேதான். அப்பாவுக்கு வாதம் வந்து இடது பக்கம் விழுந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து தினமும் காலையில் நானும் உன் மாமாவும் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு பதினாலு படி ஏறுகிறோம், பிறகு பதினாலு படி இறங்குகிறோம். மாமாவுக்கு ஏற்கெனவே முதுகு சரியில்லை. அப்பா, எனக்குப் பல்லக்கு வந்தாச்சு என்று சிரிக்கிறார். சிரித்துவிட்டு, அடிக்கடி மேலே போகவேண்டி வருமே என்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார். அது தெரிந்த அன்றுதான் எனக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. முன்பக்கம் வாசலைத் தாண்டினால் தெரு, இரண்டு பக்கமும் அடுத்தவர் சுவர், காலி இடம் என்றால் பின்னால் துணி காயப்போடும் முற்றம் மட்டும்தான். ஆறடிக்கு எட்டடி. அவ்வளவுதான் கேட்டேன். மாளிகை கட்டவா கேட்டேன்?

விண்ணப்பம் போட்டு நாலு மாதம் கழித்து ஓர் அதிகாரி வந்தாள். சின்னப் பெண், உன்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். பின்முற்றத்தில் முக்காலி மேல் அளக்கிற கருவியை நிறுத்தி ஒற்றைக் கண்ணால் கடலைப் பார்த்தாள், நம் பின்சுவரில் சிவப்புப் பெயின்டில் தொண்ணூற்றாறு என்று எழுதினாள். கடலுக்கும் நமக்கும் தொண்ணூற்றாறு மீட்டராம். நூற்றைம்பது மீட்டருக்குள் இருப்பவர்கள் இனி ஒரு செங்கல் கூடப் புதிதாக வைக்கக்கூடாது என்று அரசாங்கம் சட்டம் போட்டிருக்கிறதாம். நம் தெரு முழுக்க அந்தச் சிவப்பு எண்தான், ஏதோ எல்லோரும் பரீட்சையில் தோற்றது மாதிரி. ஆனால் தெருக்கோடியில் ஒன்பது மாடி ஓட்டல் எழும்புகிறது பார், அதன் வாசல்படியில் அலை வந்து முத்தம் கொடுக்கிறது, அதற்கு மட்டும் எண் இல்லை. கேட்டால் சட்டம் வருவதற்கு மூன்று வாரம் முன்னாலேயே அவர்கள் அனுமதி வாங்கிவிட்டார்களாம். மூன்று வாரம்! சட்டம் வரப்போவது அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன், அது என் வேலை இல்லம்மா என்றாள். ஒன்பது மாடிக்குக் கடல் வழிவிடும், உன் அப்பா உட்கார்ந்து குளிக்கிற இடத்துக்கு மட்டும் சீறிக்கொண்டு வந்துவிடுமாம். யாருக்குக் காது குத்துகிறார்கள்?

தெருக்காரர்கள் எல்லோரும் சேர்ந்தோம். பக்கத்து பேக்கரிக்காரருக்கு நீ சின்ன வயதில் ஈஸ்ட் என்று பேர் வைத்தாயே, அவர்தான் தலைவர். கோபம் வந்தால் இன்னும் உப்பத்தான் செய்கிறார். ஆட்சேபம் எழுதிக் கொடுத்தோம், கடையடைப்பு செய்தோம், கடைசியில் பள்ளிக்கூட ஹாலில் கருத்துக் கேட்புக் கூட்டம் வைக்கிறோம் என்று இறங்கி வந்தார்கள். நீங்கள் அளந்தது தப்பு என்று அந்தப் பெண்ணிடம் முன்கூட்டியே நான் சண்டை போட்டேன். அவள் நிதானமாக, உங்ககிட்ட பழைய கணக்கு ஏதாவது இருந்தா எடுத்துட்டு வாங்கம்மா, பார்க்கலாம் என்றாள். கணக்கா? எங்கள் வீட்டில் இல்லாத கணக்கா? உனக்கு ஞாபகம் இருக்கும், உன் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அப்பா பின்வாசலிலிருந்து அலை ஏறி நிற்கிற ஈரக்கோடு வரைக்கும் அடி எண்ணி நடப்பார், உன் முதல் பிறந்தநாளில் உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தது. வந்து துணியறைக் கதவின் உள்பக்கத்தில் தச்சுப் பென்சிலால் எழுதுவார். அந்தக் கதவு எப்போதும் திறந்தே கிடக்கும், எழுதின பக்கம் சுவரோடு ஒட்டி நிற்கும். நான் துணிக்கட்டோடு ஒரு நாளைக்கு நூறு முறை அதைக் கடந்து போகிறேன், ஒரு நாளாவது இழுத்துப் பார்த்ததில்லை. நீ ஊருக்கே கண்ணாடி மாட்டி விடுகிறாய், உன் அம்மா லட்சணம் இது.

கூட்டத்தன்று காலையில் கதவை இழுத்து மேல்வரியை மட்டும் பார்த்தேன். இருநூற்றுப் பதினாலு. அப்பாவின் ஓர் அடி முக்கால் மீட்டர், டேப் வைத்து அவரே ஒருமுறை அளந்து சொன்னதுதான். பெருக்கிப் பார்த்தால் நூற்றறுபது மீட்டர். கோட்டுக்கு வெளியே இருக்கிறோம்! எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அதற்குக் கீழே ஒரு வரி படிக்கலாம் என்று தோன்றவேயில்லை. மாமாவைக் கூப்பிட்டுக் கீலைக் கழற்றச் சொன்னேன். உள்ளேயிருந்து அப்பா, வேண்டாம், வேண்டாம் என்றார். கதவு இல்லாவிட்டால் துணியறையில் எலி புகுந்துவிடும் என்று கவலைப்படுகிறார் என நினைத்து, சாயங்காலம் மாட்டிடுவோம், சும்மா இருங்க என்று அதட்டிவிட்டுக் கிளம்பினேன். எழுத்து அழியக்கூடாது என்று நாலு வெள்ளை விரிப்பால் சுற்றித் தள்ளுவண்டியில் கட்டினோம். தெருவே கூட வந்தது. ஈஸ்ட் முன்னால் நடந்தார். மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் கூட இவ்வளவு கூட்டம் வந்திருக்காது.

மேடையில் சாய்த்து வைத்து, படிங்கம்மா, நல்லா சத்தமா படிங்க என்று அந்த அதிகாரிப் பெண்ணிடம் நான்தான் சொன்னேன். மைக்கைக் கூட நான்தான் அவள் பக்கம் தள்ளினேன். அவளும் படித்தாள். முதல் பிறந்தநாள் இருநூற்றுப் பதினாலு. ஹாலில் கைதட்டல். இரண்டாவது இருநூற்றுப் பதிமூன்று. மூன்றாவதும் அதேதான். ஐந்தாவது இருநூற்று ஒன்பது. பத்தாவது வருஷம் இருநூறுக்குக் கீழே போனபோது கைதட்டல் நின்றது. நீ வெளியூர் போன வருஷம் நூற்று அறுபத்தெட்டு. அவள் குரல் சின்னதாகிக்கொண்டே போனது. கடைசி வரி, அப்பா விழுவதற்கு முந்தின பிறந்தநாள், உனக்கு முப்பத்திரண்டு, நூற்று முப்பத்தொன்று. அதைப் பெருக்கினால் தொண்ணூற்றெட்டு மீட்டர். என் வீட்டுக் கதவை நானே கழற்றி வண்டி வைத்துக் கொண்டுபோய், அரசாங்கம் சொன்னது சரிதான் என்று சாட்சி சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் பெண்ணாவது இளக்காரமாகச் சிரித்திருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். வருத்தமா இருக்கும்மா என்றாள். அதற்கு அடுத்த மூச்சில், இப்படி ஒரு கணக்கு எங்க ஆபீஸ்லயே இல்லை, இந்தக் கதவை நாங்க வச்சுக்கலாமா என்றாள். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, குளியலறையைக் கொடு, கதவை எடுத்துக்கோ என்று ஹால் அதிரக் கத்திவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். வரும்போது கூட நடக்க மாமா ஒருவர்தான். ஈஸ்ட் என்னைப் பார்த்து, ஊரையே கவுத்துட்டீங்களே என்றார். பத்து வருஷமாக அவர் கடை ஏப்ரன் எல்லாம் நான்தான் வெளுத்துக் கொடுக்கிறேன். இப்போது வேறு எங்கோ போடுகிறார். போட்டுக்கொள்ளட்டும், மாவுக்கறை போகாமல் திரும்பி வரும்போது தெரியும்.

வீட்டுக்கு வந்து பின்முற்றத்தில் நின்றபோதுதான் ஒவ்வொன்றாக உறைத்தது. கயிறு கட்டுகிற கம்பங்களை அப்பா இதுவரை நாலு முறை பிடுங்கி உள்பக்கமாகத் தள்ளி நட்டிருக்கிறார். கேட்டால், காத்துல உப்பு ஜாஸ்தியாயிடுச்சு, துணி விறைக்குது என்பார். நானும் பெரிய மனுஷி மாதிரி ஆமாம் ஆமாம் என்பேன். முன்பு ஆறு வரிசை கயிறு, இப்போது மூன்று. அப்பாவிடம் ஒரு வாரம் நான் பேசவில்லை. நாற்காலியைத் தூக்குவேன், துடைத்து விடுவேன், சாப்பாடு ஊட்டுவேன், வாயைத் திறக்கமாட்டேன். எட்டாம் நாள் அடக்க முடியாமல், முப்பது வருஷமா எங்கிட்ட மறைச்சீங்களே, நான் என்ன இந்த வீட்டுக்கு விருந்தாளியா என்று கேட்டுவிட்டேன். அவர் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, சொல்லியிருந்தா நீ கடலையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பே, துணி யாரு துவைக்கிறது என்றார். சிரிப்பும் வந்தது, ஓங்கி ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது. இத்தனை வருஷமும் இந்த மனிதர் தனியாகப் பயந்திருக்கிறார் மகளே. அதை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை.

இதற்காக அரசாங்கத்தின் மேல் இருக்கிற கோபம் குறைந்துவிட்டது என்று நினைக்காதே, இரண்டு மடங்காகிவிட்டது. அந்த ஆபீசுக்கு மறுபடி போனேன். சரி, கடல் வருகிறது, ஒத்துக்கொள்கிறேன், உங்கள் கோடும் சரி, அப்படியானால் நாங்கள் எங்கே போவது, அதைச் சொல்லுங்கள் என்றேன். மேட்டில் பழைய உப்புக் கிடங்கு இடம் காலியாகத்தானே கிடக்கிறது, ஆளுக்குக் கொஞ்சம் கொடுங்கள், நாங்களே கட்டிக்கொள்கிறோம் என்றேன். அது வேற டிபார்ட்மென்ட் என்றார்கள். அந்த டிபார்ட்மென்டுக்குப் போனேன், கடற்கரை விஷயம் எங்களுடையது இல்லை என்றார்கள். கட்டாதே என்று சொல்ல ஓர் ஆபீஸ் இருக்கிறது, எங்கே கட்டு என்று சொல்ல ஓர் ஆபீஸ் இல்லை. போன வாரம் அரசு முத்திரையோடு ஒரு கவர் வந்தது. அனுமதிதான் என்று ஓடிப்போய்ப் பிரித்தால், ஆராய்ச்சிக்கு மேற்படி கதவை ஒப்படைக்கும்படி கேட்டுக்கொள்கிறோமாம். குளியலறையைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்தக் கவரை மடித்து ஆடுகிற மேஜைக் காலுக்கு அடியில் வைத்திருக்கிறேன், அதற்காவது உதவட்டும். கதவை மாமா பழையபடி மாட்டிவிட்டார். குளியலறையை இஸ்திரி அறைக்குள்ளேயே மூலையில் கட்டப்போகிறோம், சுவருக்கு வெளியே போகாதவரை யாரும் கேட்க முடியாதாம். பெரிய இஸ்திரி மெஷினை எடுத்துவிட வேண்டும், தொழில் பாதியாகும். ஆகட்டும். இனி அவர் தாகத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டாம்.

இப்போது இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். போன செவ்வாய் உன் பிறந்தநாள். அப்பா காலையிலிருந்து பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். போன வருஷம் அவர் படுக்கையிலேயே இருந்ததால் எழுதாமல் விட்டுப்போனது. சரி, நான் போறேன், பாக்காதீங்க அப்படி என்று சொல்லிச் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்வாசலிலிருந்து நடந்தேன். என் அடி சின்னது, அவர் மூன்றடி வைக்கிற தூரத்துக்கு எனக்கு மூன்றரை வேண்டும், கடல் அங்கேயே நின்றிருந்தால் எனக்கு நூற்றைம்பது வர வேண்டும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேதான் போனேன். நூற்றுப் பத்தொன்பதில் கால் நனைந்தது. தப்பாக எண்ணிவிட்டேன் என்று திரும்பி வந்து மறுபடி நடந்தேன். நூற்றுப் பதினெட்டு. ஈர மணலில் நின்று கடலைப் பார்த்து என் வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன், உனக்கு எழுதக்கூடிய வார்த்தைகள் இல்லை அவை. அப்பா படுத்திருக்கிற இடத்திலிருந்து தெருதான் தெரியும், மாடிக் குளியலறை ஜன்னலும் தெருப்பக்கம்தான், அவரே பார்த்துக்கொள்ள வழியில்லை. உள்ளே போனதும் எவ்வளவு என்றார். நூற்றைம்பது என்றேன். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கணக்குப் போட்டார். பிறகு, உன் அடிக்கு அது சரிதான், அப்படியே நிக்குது, என்று சொல்லி இரண்டு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். கதவிலும் நூற்றைம்பது என்றே எழுதினேன். அந்த அதிகாரிப் பெண்ணுக்கு இனி அந்தக் கதவு பிரயோஜனப்படாது.

நீ நல்லபடியாக இரு, உன் கை வேலை சிறக்கட்டும், உன் பார்வையில் நல்லதே படட்டும் என்று நானும் அப்பாவும் வாழ்த்துகிறோம். ஸ்வெட்டர் ஒன்று பின்னிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன், கை நீளமாக இருந்தால் மடித்துக்கொள். படித்ததும் இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது அப்பா உன்னிடம் பெருமையாகச் சொல்வார், சொல்லாவிட்டால் நீயே கேள். எவ்வளவு சொன்னாலும் ஆச்சரியப்படாதே, குரல் மாறக்கூடாது. நூற்றைம்பது, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
பொய் சொல்லக் கற்றுக்கொண்ட உன் அம்மா