பதினேழாவது அத்தியாயத்தைப் பற்றி அக்காவுக்கு

என் அக்காவுக்கு, நீ எங்கே இருந்தாலும் முதலில் இந்தச் செய்தி.

உன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடுவது என்று உன் நினைவுக் குழு முடிவு செய்திருக்கிறது. பிரிக்பீல்ட்ஸில் ஓர் உணவகத்தின் மாடியில் இதற்காக இரண்டு மணி நேரம் விவாதம் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை உன் நினைவுக் கூட்டத்தில் மேடையில் வைக்கப்போகும் பெரிய படத்தில் கண்ணாடி மின்னுகிறதாம், கண்கள் தெரியவில்லையாம். கடைசியில் எல்லாரும் கையை உயர்த்தி நிறைவேற்றினார்கள். கம்ப்யூட்டரிலேயே கழற்றிவிடலாம், வலிக்காது என்றார் படத்தை அச்சிடுபவர்.

கண்ணாடி இல்லாமல் நீ சமையலறைக்குக்கூடப் போனதில்லை. இருந்தாலும் நானும் கையை உயர்த்தினேன்.

அடுத்த விஷயத்துக்கு ஐந்து நிமிடம்தான் ஆனது. உன் 'ஆறரை மணி பஸ்' நாவலை மறுபடி அச்சிட்டுப் பள்ளிகளுக்குக் கொடுக்கத் திட்டம். நாட்டின் தலைசிறந்த நாவலாசிரியை என்று பேனரில் போடுகிறார்கள், ஆனால் புத்தகம் கடைகளில் கிடைத்துப் பல வருஷமாகிறது. என்னிடம் இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்றைக் கரையான் படித்துக்கொண்டிருக்கிறது. குழுவுக்கு ஒரே ஒரு நிபந்தனை: கடைசி அத்தியாயம், அதாவது பதினேழாவது, வேண்டாம். உன் வாரிசாக நான் சம்மதக் கடிதம் தரவேண்டும்.

"பிள்ளைங்க படிக்கிற புத்தகம் லா தம்பி," என்றார் தலைவர். "பொம்பள புருஷன விட்டுட்டுப் போறதெல்லாம் எதுக்கு? பதினாறுலயே கதை அழகா முடியுது. அவ சோறு போடுறா, எல்லாரும் சாப்பிடுறாங்க. மனசுக்கு நிம்மதியா இருக்கு."

"அப்ப தலைப்புல இருக்கிற பஸ்?"

"பஸ் இருக்கட்டும். பஸ்ஸ யாரும் ஒண்ணும் சொல்லல."

அதாவது பஸ் வரும், யாரும் ஏறமாட்டார்கள். நான் கையெழுத்துப் போட்டேன், அக்கா. அடியோடு இல்லாமல் போவதற்கு இது பரவாயில்லை என்று நினைத்தேன்.

மறுநாள் காலை கிள்ளானிலிருந்து பிலோமினா அக்கா போன் செய்தார். உன் கதையில் நாயகி செல்வியாக வருபவர். சுங்கை வே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். நான்கு சனிக்கிழமைகள் அவர் வீட்டில் உட்கார்ந்து அவர் சொன்னதை எழுதிக்கொண்டாய். எவ்வளவு அழுதீர்கள் என்று நீ கேட்கவில்லை. புருஷன் வீட்டை விட்டுக் கிளம்பும்போது கையில் என்ன எடுத்துக்கொண்டீர்கள் என்று கேட்டாய். ரைஸ் குக்கர் என்றார், ஓவர்டைம் செய்து வாங்கியது. அதனால்தான் பதினேழாவது அத்தியாயத்தில் செல்வி ஒரு கையில் மகளையும் மறு கையில் ரைஸ் குக்கரையும் பிடித்துக்கொண்டு காலை ஆறரை மணிக்குக் கிள்ளான் பஸ் ஏறுகிறாள்.

"உண்மையா தம்பி? அத எடுத்துடுறாங்களா?"

"ஆமாக்கா. ஸ்கூலுக்குப் போற புத்தகம்னு..."

"அப்ப நான் இன்னும் அந்த வீட்டுலதான் இருக்கேனா?"

அவரே தொடர்ந்தார்.

"புருஷன விட்டு வந்துட்டேன்னு சர்ச்சுல என் மூஞ்சியப் பாக்காதவங்க, அந்தக் கடைசிப் பகுதியப் படிச்சிட்டு வந்து என் கையப் புடிச்சாங்க. அது தெரியுமா உங்க கமிட்டிக்கு? இத்தன வருஷம் கழிச்சு என்னயத் திரும்பப் போய்ச் சோறு போடச் சொல்றீங்களே தம்பி."

அன்று மாலையே தலைவரிடம் போய்க் கடிதத்தைத் திரும்ப வாங்கினேன். "அப்ப புத்தகமே இல்ல," என்றார் அவர். "உங்க அக்காவ நீங்களே மறைக்கிறீங்க."

கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினேன். பள்ளிப் பிள்ளைகள் உன்னைப் படிக்கவேண்டும் என்று நீ எவ்வளவு ஆசைப்பட்டாய் என்பது எனக்குத் தெரியும். பதினாறு அத்தியாயம் படித்த ஒரு பெண்ணாவது, தலைப்பில் இருக்கும் பஸ் எங்கே என்று தேடிக்கொண்டு வந்திருக்க மாட்டாளா? அல்லது எல்லாரும் சாப்பிட்டாகிவிட்டது என்று புத்தகத்தை மூடிவைத்திருப்பாளா? நீ இருந்திருந்தால் இந்த இரண்டில் எதற்குக் கையெழுத்துப் போட்டிருப்பாய்?

கரையான் தொடாத பிரதியை இரும்பு அலமாரிக்கு மாற்றிவிட்டேன். யார் வந்து கேட்டாலும் செல்வி பஸ் ஏறுவதோடு சேர்த்துத்தான் கொடுப்பேன். உனக்கும் பிலோமினா அக்காவுக்கும் இது என் வாக்கு.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் உண்டு. புத்தகம் கிடையாது. மேடையில் உன் படம் மட்டும் இருக்கும், கண்ணாடி இல்லாமல்.

உன் தம்பி,
அந்தோணி