பத்தொன்பதால் வகுபடும் எண்

அன்புள்ள மகாராணிக்கு,

மகள் வீட்டில் நீ நலம்தானே? நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

மருத்துவமனைச் சீட்டில் எனக்கு விழுந்த எண் 5,10,511. வகுப்பில் வருடாவருடம் நான் கரும்பலகையில் எழுதிய எண். இரண்டு முதல் பதினேழு வரையுள்ள பகா எண்களைப் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் கிடைப்பது. அவற்றில் எதனால் வகுத்தாலும் ஒன்று மிஞ்சும். உடனே பிள்ளைகள் இதுவும் பகா எண்தான் என்று கத்துவார்கள். "அவசரக் குடுக்கைகளா, பத்தொன்பதால வகுத்துப் பாருங்க" என்பேன்.

"கூட யாரு வந்திருக்காங்க, சார்?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"சம்சாரம் வெளியே உக்காந்திருக்கா."

பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நினைத்தேன். அவர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "பெஞ்சு காலியா இருக்கே, சார்" என்றார்.

வீட்டுக்கு வந்து சீட்டைத் திருப்பினேன். பின்னால் என் கையெழுத்தில் 'பகா எண்' என்று எழுதி, இரண்டு முறை அடிக்கோடு போட்டிருக்கிறது. எப்போது எழுதினேன் என்று தெரியவில்லை.

நீ பதற வேண்டாம். பேத்தியோடு நாலு நாள் இருந்துவிட்டே வா. வந்ததும் பத்தொன்பதால் வகுபடுமா என்று மட்டும் என்னைக் கேள்.

அங்கிருந்து காலை ஏழு மணிக்கு ஒரு பஸ் இருக்கிறது. சும்மா சொல்லிவைக்கிறேன்.

இப்படிக்கு,
உன் கணக்கு வாத்தியார்